பெருமைப்படச் சொல்லி உத்தரவா?

பள்ளிப் பாடப்புத்தகத்தைப் புரட்டினால் முதல் பாடம் வருவதற்கு முன்னாலேயே ஒரு பக்கத்தில் உறுதிமொழி அச்சடித்திருக்கும். காலை பிரேயரில் வலது கையை நீட்டிக்கொண்டு (முன்னால் நிற்பவனின் முதுகில் இடித்தபடி) அதைச் சொல்லாமல் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் இந்தியாவில் ரொம்பக் குறைவு. இந்தியா என் நாடு, இந்தியர் எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்று தொடங்கிப் போகும் அந்த உறுதிமொழியில், நாட்டின் பலவகைப்பட்ட மரபை நினைத்துப் பெருமைப்படுவதாக ஒரு வரி வருகிறது. ஆறு வயதுக் குழந்தையும் அதைச் சொல்கிறது. மரபு என்றால் என்ன என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. ஆனால் பெருமைப்பட்டாக வேண்டும் என்பது மட்டும் அப்போதே தெரிந்துவிடுகிறது!

இதை எழுதியவர் யார்?

பத்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். தாகூர் என்பார்கள், பங்கிம் சந்திரர் என்பார்கள், காந்தி என்று கூடச் சொல்வார்கள். எழுதியவர் பைடிமர்ரி வேங்கட சுப்பா ராவ். இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டம் அன்னேபர்த்திக்காரர். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்தபோது, சீனப் போர் நடந்த 1962-ல், தெலுங்கில் எழுதினார். 1964-ல் பெங்களூரில் சாக்ளா தலைமையில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு அதை எல்லாப் பள்ளிகளுக்கும் என்று ஏற்றுக்கொண்டது. 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுக்கப் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். தான் எழுதியது நாட்டின் உறுதிமொழி ஆகிவிட்டது என்பதே சுப்பா ராவுக்குப் பல வருடம் தெரியாது. பேத்தி பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படித்தபோதுதான் தெரியவந்தது என்று அவர் குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். 1988-ல் காலமானார். அதுவரை பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வரவில்லை.

கோடிக்கணக்கான வாய்கள் தினமும் "பெருமை" என்று சொல்கின்றன. அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்த மனிதரின் பெயரைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தேசப் பெருமை என்று பொதுவாகச் சொல்லப்படும் சரக்கின் தரம் இதுதான். சொல்லச் சொன்னால் சொல்லும். விசாரிக்காது.

உலக மதிப்பீட்டு ஆய்வு என்று ஒன்று 1981-லிருந்து பல நாடுகளில் நடக்கிறது. அதில் ஒரு கேள்வி: உங்கள் நாட்டைச் சேர்ந்தவர் என்பதில் எவ்வளவு பெருமைப்படுகிறீர்கள்? மிகவும், ஓரளவு, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை என்று நாலு பதில். ஜெர்மனியும் ஜப்பானும் "மிகவும்" என்பதில் வழக்கமாகப் பின்வரிசையில்தான் நிற்கும். இந்தியா மாதிரி நாடுகளில் பெரும்பான்மையினர் முதல் இரண்டு பதிலில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். உடனே பத்திரிகைகளில், பாருங்கள் இந்தியர்களின் தேசப்பற்றை என்று ஒரு பெட்டிச் செய்தி!

இந்தக் கேள்வியால் ஒரு மண்ணும் தெரியவராது. வீட்டு வாசலில் யாரோ ஒரு ஆள் பேனாவும் தாளுமாக நின்றுகொண்டு, "இந்தியர் என்பதில் பெருமையா?" என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, யார் "அறவே இல்லை" என்பார்கள்? "உங்கள் அம்மாவைப் பிடிக்குமா?" என்பது மாதிரியான கேள்வி அது. பதில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. அளக்கப்படுவது பெருமை கிடையாது, "இல்லை" என்று சொல்ல அந்த நாட்டில் எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்பதுதான்.

சரி, வாயால் சொல்வதை விடலாம். காலால் என்ன செய்கிறார்கள்?

நாடாளுமன்றத்தில் மத்திய அரசே வைத்த கணக்கு இது. 2020-ல் 85,256 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டார்கள் (கொரோனா வருடம், அதனால் குறைவு). 2021-ல் 1,63,370. 2022-ல் 2,25,620. 2023-ல் 2,16,219. 2024-லும் இரண்டு லட்சத்துக்குக் குறையவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டப்படி, விரும்பி இன்னொரு நாட்டின் குடிமகன் ஆன நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

இங்கே இரண்டு கோஷ்டிகள் உடனே எழுந்திருக்கும். ஒன்று, "துரோகிகள், இந்த மண்ணின் சோற்றைத் தின்றுவிட்டு..." என்று பல்லவி பாடும். அது சுத்தப் பேத்தல். அமெரிக்காவில் வேலை சார்ந்த க்ரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் அந்த வரிசையில் பத்துப் பதினைந்து வருடம் நிற்கிறார்கள். அப்படி நின்று, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை அங்கேயே பள்ளி முடிக்கும் வயதுக்கு வந்துவிட்ட ஒரு தகப்பன் கடைசியில் குடியுரிமை வாங்கிக்கொண்டால் அதற்கு துரோகம் என்று பெயர் வைக்க எந்த நியாயமும் இல்லை. பிழைப்பு எங்கேயோ அங்கே ஆள் போவான். திரைகடல் ஓடியும் திரவியம் தேடச் சொன்னதே இந்த ஊர்தானே.

இரண்டாவது கோஷ்டிதான் வேடிக்கை. போனவர்களே அது! பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஓசிஐ அட்டை (2005-ல் வந்தது, ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது) வாங்கி வைத்துக்கொண்டு, இங்கே இருப்பவர்களுக்குத் தேசப்பற்று வகுப்பு எடுப்பவர்கள். ஆகஸ்ட் 15 வந்தால் நியூஜெர்சியில் அணிவகுப்பு. இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லி எழுதினால் முதல் கண்டனம் கலிபோர்னியா நேரப்படிதான் வந்து விழும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே பெருமைப்படுகிறார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நாட்டைப் பற்றிப் பெருமைப்பட அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, அங்கே வரி கட்ட வேண்டியதில்லை, அங்கே உள்ள அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தூரம் போகப் போகப் பெருமை கூடும். பக்கத்தில் இருப்பவனுக்குச் சாக்கடை தெரியும்.

இந்தப் பெருமைக்குத் தீனி போட்ட ஈமெயில்களை 2000-களில் இணையத்துக்கு வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாசாவில் 36 சதவீதம் பேர் இந்தியர்கள், அமெரிக்க மருத்துவர்களில் 38 சதவீதம் இந்தியர்கள், மைக்ரோசாஃப்டில் 34 சதவீதம்... "இந்தியனாக இருந்தால் இதைப் பத்து பேருக்கு அனுப்பு!" எங்கிருந்து வந்த எண்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2008-ல் மாநிலங்களவையில் அமைச்சர் ஒருவரே இந்தக் கணக்கைச் சொல்லும் அளவுக்கு அது போனது. பிறகுதான் ஆதாரமில்லாதது என்று வெளியே வந்தது. அடுத்து, இந்திய தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று ஒன்று. யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கவில்லை என்று மறுத்தது. மறுப்பை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை :-) வாட்ஸப் காலத்திலும் அதே சரக்கு புது பாட்டிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிஜமாகவே பெருமைப்பட விஷயம் உள்ளவன் இப்படிக் கள்ளக் கணக்கு எழுத மாட்டான்.

இரவல் பெருமைக்கு இதைவிடச் சரியான உதாரணம் 2009 அக்டோபரில் நடந்தது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் சேர்த்து. பிறந்தது சிதம்பரம் என்று தெரிந்ததுதான் தாமதம், தமிழ்நாடே குதித்தது. மூன்று வயதிலேயே அவர் சிதம்பரத்தை விட்டுப் போய்விட்டார். வளர்ந்ததும் படித்ததும் பரோடாவில். 1971-ல் இயற்பியல் பட்டம் முடித்த கையோடு அமெரிக்கா போய், பிறகு கேம்பிரிட்ஜில் வேலை செய்தவர். ஆனால் சிதம்பரத்தில் பள்ளியில் படித்தார் என்று செய்தி வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கிளம்பினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் தான் படித்ததே இல்லை என்று வெங்கி சொல்ல வேண்டியதாகிவிட்டது!

முன்பின் தெரியாத இந்தியர்களின் ஈமெயில்கள் பெட்டியை அடைத்துக்கொண்டு, வேலை சம்பந்தமான கடிதங்களைத் தேடி எடுப்பதே கஷ்டமாகிவிட்டது என்று அவர் சலித்துக்கொண்டார். கூடவே, ஒருவர் எந்த நாட்டவர் என்பது பிறப்பின் தற்செயல்தான் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். நேற்று வரை "எங்க ஊர்ப் பிள்ளை" என்று கொண்டாடியவர்களில் பலர் மறுநாளே நன்றி கெட்டவர் என்று திட்டினார்கள். நோபல் அறிவிப்புக்கு முதல் நாள் வரை ரைபோசோம் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள், யாருக்கு நன்றி கேட்டார்கள்? எதற்கு?

அந்த வாக்கியத்தில் கோபப்பட எதுவுமே இல்லை. பிறந்த நாடு தற்செயல்தான். யாரும் விண்ணப்பம் போட்டுப் பிறக்கவில்லை. உயரமாகப் பிறந்ததற்கு ஒருவன் பெருமைப்பட்டால் சிரிப்பார்கள். உயரம் தாண்டுதலில் பதக்கம் வாங்கினால் பெருமைப்படலாம்.

ஹர்கோவிந்த் கொரானா கதை இதற்கும் மேலே. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு பஞ்சாப் கிராமத்தில், கிராமக் கணக்கருக்குப் பிறந்தவர். ஊரிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அது ஒன்றுதான். அரசு உதவித்தொகையில் லிவர்பூல் போய் டாக்டர் பட்டம் வாங்கி, 1949-ல் திரும்பி வந்தபோது அவருக்கு ஏற்ற வேலை இங்கே கிடைக்கவில்லை. திரும்பப் போனார், கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின். 1966-ல் அமெரிக்கக் குடிமகன், 1968-ல் நோபல். 1969-ல் டெல்லி பத்ம விபூஷண் கொடுத்தது. வேலைக்கு ஆள் வேண்டாம், விருதுக்கு ஆள் வேண்டும்! சுப்பிரமணியன் சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போனவர், 1953-ல் அமெரிக்கக் குடிமகன், நோபல் வந்தது 1983-ல். பொது அறிவுப் புத்தகத்தில் இவர்கள் எல்லாரும் "நோபல் பெற்ற இந்தியர்கள்" என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வெளியே போனவர்களை விடுங்கள். இங்கேயே இருந்தவர்களுக்கு என்ன செய்தது இந்தப் பெருமை? ராமானுஜன் பெயரைச் சொல்லிச் சிலிர்த்துக்கொள்ளாத கணித வாத்தியார் கிடையாது. டிசம்பர் 22 தேசிய கணித நாள். அவர் 1920-ல், 32 வயதில் இறந்தபோது மனைவி ஜானகிக்கு இருபத்தோரு வயதுதான் ஆகியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியமும், தையல் மிஷினும்தான் துணை. திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994-ல் இறந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று அந்த அம்மையார் வயதான காலத்தில் பேட்டி கொடுப்பவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சிலை வந்தது. எங்கிருந்து? விஸ்கான்சினில் இருந்த ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் உலகம் முழுக்க உள்ள கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பியிடம் செய்யச் சொல்லி, 1980-களில் அனுப்பிவைத்தார். ராமானுஜனின் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து வடித்த வெண்கல மார்பளவுச் சிலை. ஆஸ்கிக்கு இந்தியர் என்ற பெருமை எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ராமானுஜனின் கணக்கு தெரிந்திருந்தது.

பக்கத்து நாட்டைப் பார்த்தால் இதே கதை தலைகீழாக இருக்கிறது. அப்துஸ் சலாம் 1979-ல் இயற்பியல் நோபல் வாங்கியபோது ஸ்டாக்ஹோம் மேடைக்குத் தலைப்பாகையும் தன் நாட்டு உடையுமாகப் போனார். இங்கிலாந்திலும் இத்தாலியிலும் வாழ்ந்தும் கடைசிவரை பாகிஸ்தான் குடிமகனாகவே இருந்தார். அவருக்குப் பெருமை இருந்தது. அவர் நாட்டுக்கு? அவர் அகமதியா. 1974-ல் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அகமதியாக்கள் முஸ்லிம்களே அல்ல என்று எழுதிக்கொண்டது. 1996-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்த அவரை ரப்வாவில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கல்லறையில் "முதல் முஸ்லிம் நோபல் பரிசாளர்" என்று பொறித்திருந்ததில் "முஸ்லிம்" என்ற சொல்லை மட்டும் அதிகாரிகள் அழிக்கவைத்தார்கள். மீதி வாசகம் அப்படியே நின்றது, பொருளே இல்லாமல், "முதல் நோபல் பரிசாளர்" என்று.

நாட்டின் மீது பெருமைப்படு என்று ஓயாமல் கேட்கிறவர்கள், அந்த நாடு தன் ஆட்களைப் பற்றிப் பெருமைப்பட்டதா என்று திரும்பக் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இனி இந்தக் கேட்பது எப்படி அடிப்பதாக மாறுகிறது என்று பார்க்கலாம். 1962 சீனப் போருக்குப் பிறகு திரையரங்குகளில் படம் முடிந்ததும் தேசிய கீதம் போட்டார்கள். ஜனங்கள் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்துகொண்டிருப்பார்கள். எழுபதுகளில் அந்த வழக்கம் தானாகவே தேய்ந்து போனது. யாரும் அழவில்லை, நாடும் உடையவில்லை. 2016 நவம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு, அதைத் திரும்பக் கொண்டுவந்தது: எல்லாத் தியேட்டரிலும் படத்துக்கு முன் கீதம், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், கதவுகள் சாத்தியிருக்க வேண்டும். கதவு என்றதும் டெல்லி உபஹார் தியேட்டர்தான் ஞாபகம் வர வேண்டும். 1997 ஜூன் 13 தீ விபத்தில், வெளியேற வழியில்லாமல் 59 பேர் செத்த இடம். தாழ்ப்பாள் போட வேண்டாம், மாற்றுத் திறனாளிகள் நிற்க வேண்டாம் என்று பத்து நாள் கழித்து நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது.

அந்த உத்தரவுக்கு முன்னாலேயே 2016-ல் கோவாவின் பணஜியில் ஒரு எழுத்தாளரை, கீதத்துக்கு எழுந்து நிற்கவில்லை என்று பின் சீட்டுக்காரர்கள் அடித்திருந்தார்கள். முதுகுத்தண்டு பாதித்துச் சக்கர நாற்காலியில் வாழ்பவர் அவர். நிற்க முடிந்தால்தானே நிற்பார்? உத்தரவுக்குப் பிறகு, டிசம்பரில், சென்னை அசோக் நகர் தியேட்டர் ஒன்றில் எழுந்து நிற்காத சிலரைச் சுற்றி வளைத்துத் தாக்கினார்கள். அதில் பெண்களும் உண்டு. கடைசியில் அடிவாங்கியவர்கள் மேலேயே தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு! 1971-ம் வருடச் சட்டம் அது. கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தால், பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவித்தால் தண்டனை என்கிறது. உட்கார்ந்திருப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நியாயமாகப் பார்த்தால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கூச்சல் போட்டு ஆளை அடித்தவர்கள்தான் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. 52 விநாடி நிற்பதில் என்ன குறைந்துவிடும்? எல்லையில் ராணுவ வீரன் மணிக்கணக்காக நிற்கிறானே?

எதுவும் குறையாது. நிறையப் பேர் மனதார நிற்கிறார்கள், நிற்கட்டும். ஆனால் பக்கத்து சீட்டுக்காரன் நிற்கிறானா என்று பார்க்கத் தலையைத் திருப்பியவன் அந்த 52 விநாடியில் கீதத்தைக் கேட்கவில்லை. அவன் கண்காணிப்பு வேலையில் இருந்தான். ராணுவ வீரன் நிற்பது அவன் ஏற்றுக்கொண்ட வேலை. பாப்கார்ன் வாங்கி வந்து உட்கார்ந்தவன் அந்த வீரனின் பெயரில் அடுத்தவனை அதட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. 2018 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவை மாற்றி, கீதம் போடுவது தியேட்டர்களின் விருப்பம் என்றது. பதின்மூன்று மாதத்தில் வாபஸ். அடி வாங்கியவர்களுக்கு அது எந்த விதத்திலும் ஈடாகாது.

இத்தனைக்கும் இதற்கான பதில் முப்பது வருடம் முன்னாலேயே எழுதப்பட்டிருந்தது. 1985-ல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றார்கள். பாடவில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய மதம் இறைவனைத் தவிர எதையும் பாடித் துதிக்க விடுவதில்லை. ஒழுங்கான பிள்ளைகள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று விசாரணைக் குழுவே சொல்லியும் நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கீதம் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பை எந்தப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலும் போடக் காணோம். உறுதிமொழிக்குப் பக்கத்திலேயே போடலாம்.

ஜெர்மனியைப் பற்றி மேலே வந்தது. பெருமை குறைவாக உள்ள நாடு. 1969-ல் அங்கே குடியரசுத் தலைவரான குஸ்டாவ் ஹைனமனிடம் நாட்டை நேசிக்கிறீர்களா என்று கேட்டதற்கு, நாடுகளையெல்லாம் நேசிப்பதில்லை, தன் மனைவியைத்தான் நேசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். (இங்கே ஒரு குடியரசுத் தலைவர் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!) அடுத்த வருடம், 1970 டிசம்பர் 7, வார்சாவில் யூதர் எழுச்சி நினைவிடத்தின் முன் சான்சலர் வில்லி பிராண்ட் ஈரத் தரையில் மண்டியிட்டார். நாஜிகளை எதிர்த்து நாட்டை விட்டு ஓடியவர் அவர். தனிப்பட்ட முறையில் அவர் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. "டெர் ஷ்பீகல்" இதழ் அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீத மேற்கு ஜெர்மானியர்கள் இது அளவுக்கு மீறியது என்றார்கள். சரி என்றவர்கள் 41 சதவீதம். இன்றைக்கு ஜெர்மானியர்கள் பெருமையோடு காட்டும் படங்களில் அதுவும் ஒன்று.

தன் நாட்டின் சாதனை "நம்முடையது" என்றால் அதன் குற்றமும் நம்முடையதுதான் என்பதை அந்த மண்டியிட்ட மனிதர் ஏற்றுக்கொண்டார். இங்கே நடப்பது வேறு. சந்திரயான் "நாம் விட்டது". கீழ்வெண்மணி "அவர்கள் செய்தது". 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தியது எந்த நாட்டுக்காரர்கள்? எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்ற உறுதிமொழி பள்ளிகளுக்கு வந்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. லாபத்தில் மட்டும் பங்கு கேட்கும் கூட்டாளியை எந்தக் கடைத்தெருவிலும் மதிக்க மாட்டார்கள்.

பெருமை இருக்கிறதா என்ற கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட் பையில் உள்ளவர்களிடம்தான். அது இல்லாதவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இலங்கை மலையகத் தமிழர்களிடம் கேட்கவில்லை. 1948-ன் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை, தேயிலை பறித்து அந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்களை, நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எந்த நாட்டைப் பற்றிப் பெருமைப்பட வேண்டும் என்பது கையெழுத்தாகும் வரை அவர்களுக்கே தெரியாது.

1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இந்திய வம்சாவளி மலையகத்தவர்கள். 2021-ல் முகாமின் பெயர்ப்பலகை "மறுவாழ்வு முகாம்" என்று மாறியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான், இலங்கை இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் படிக்கிறார்கள். அதே பாடப்புத்தகம், அதே முதல் பக்கம். இந்தியா என் நாடு என்று தினமும் காலையில் கையை நீட்டிச் சொல்கிறார்கள். இந்தியா அவர்களை அப்படிச் சொல்லவில்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் யாராயிருந்தாலும் பிறப்பாலேயே இந்தியர் என்கிறது சட்டம். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இந்த ஒரு வரியைக் காட்டி பாஸ்போர்ட் கேட்டார். அதிகாரிகள் கொடுக்கவில்லை. மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் 2022-ல்தான் உத்தரவு வாங்க முடிந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று, 38 வயதில், திருச்சியில் வரிசையில் நின்று முதல் ஓட்டைப் போட்டார். அதே மாதிரி ஒரு முகாமில் 1987 ஜூலை 2-ல் பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்ததைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களுக்கு ஓட்டும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.